குசினியில் இளைப்பாறல் கண்ட துறவி

நாள் முழுவதும் வேலை, இரவானால் களைப்பு, செபிக்க நேரம் எங்கே? நமது குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் தாய்மாரும், பொழுதுபடும் வரை உழைத்து வீடு திரும்பும் தந்தைமாரும், செபமாலையைக் கையில் எடுத்ததுமே கண் சொருகிப் போவதை எண்ணி மனம் வருந்துகிறார்கள். செபம் என்பது ஓய்வு உள்ளவர்களுக்கும் மடத்தில் வாழ்பவர்களுக்கும் உரியது, நமக்கு அது எட்டாது என்று சிலர் அதைக் கைவிட்டும் விடுகிறார்கள்.

இந்த முறைப்பாட்டுக்குத் தமது வாழ்க்கையாலேயே விடை பகர்ந்த ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரில் வாழ்ந்தார். அவர் குருவானவர் அல்லர்; பெரிய படிப்புப் படித்தவரும் அல்லர். ஊனமான ஒரு காலோடு பதினைந்து ஆண்டுகள் ஒரு மடத்தின் குசினியில் சமையல் செய்தவர். கார்மேல் சபையில் அவருக்கு இட்ட பெயர் உயிர்த்தெழுதலின் லோறன்ஸ். உலகம் அவரைச் சகோதரர் லோறன்ஸ் என்றே அறியும்.

இலையுதிர்ந்த மரம்

அவருடைய இயற்பெயர் நிக்கொலாஸ் ஹெர்மன். 1614ஆம் ஆண்டளவில் லொறேன் நாட்டில், லூனெவில் நகருக்கு அண்மையிலுள்ள எரிமெனில் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று லொறேன் பிரான்சின் ஒரு பகுதி. அன்று அது தனிச் சிற்றரசாக இருந்தது. பெற்றோர் ஏழைகள், ஆனால் பக்தியுள்ளவர்கள்.

அவருக்குப் பதினெட்டு வயதாக இருக்கும்போது ஒரு குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்ற மரம் ஒன்றைக் கண்டார். இன்னும் சிறிது காலத்தில் இதே மரத்தில் இலை துளிர்க்கும், பூப் பூக்கும், காய் காய்க்கும் என்ற எண்ணம் அவர் மனதில் எழுந்தது. செத்ததுபோல் நிற்கும் மரத்தைத் தளிர்க்கச் செய்யும் ஆண்டவரின் வல்லமையும் பராமரிப்பும் அந்தக் கணத்தில் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அன்று மூண்ட தேவ அன்பு அதன் பின்னர் அணைந்ததே இல்லை என்று முதுமையிலும் அவர் சொல்லிவந்தார். ஆண்டுதோறும் எத்தனையோ பேர் கண்ட மரந்தான் அது. கண்டதை நின்று எண்ணிப் பார்த்ததே அவர் செய்த வேறுபாடு.

ஆனால் உடனே அவர் துறவியாகிவிடவில்லை. அது முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். நிக்கொலாஸ் லொறேன் படையில் சேர்ந்தார். ஒரு முறை ஜெர்மன் படையினர் அவரைப் பிடித்து, ஒற்றன் என்று குற்றஞ்சாட்டித் தூக்கிலிடப் போவதாக மிரட்டினார்கள். சாவுக்கு அஞ்சாமல் அவர் அமைதியாகப் பேசிய விதத்தைக் கண்டு விடுதலை செய்தார்கள். பின்னர் 1635ஆம் ஆண்டில் சுவீடன் படையினர் ரம்பெர்வில்லே நகரைத் தாக்கியபோது காயமடைந்தார். போர்வாழ்வு அத்தோடு முடிந்தது. ஊனமான கால் சாகும்வரை அவருக்குத் துணையாயிற்று.

தேடியும் கிடைக்காத இளைப்பாறல்

போர்க்களத்தின் நினைவுகளும், வாலிபத்தில் செய்த பாவங்களின் நினைவுகளும் அவரை வாட்டின. மன அமைதியைத் தேடி, உலகைத் துறந்த ஒருவரோடு சேர்ந்து வனவாசியாக வாழ்ந்து பார்த்தார். தனிமை இருந்தது; அமைதி வரவில்லை. இன்று மகிழ்ச்சி, நாளை துக்கம் என்று மனம் ஊசலாடியது. ஒழுங்கும் வழிகாட்டலும் இல்லாத தனிமை தமக்கு ஏற்றதல்ல என்று கண்டு அதை விட்டுவிட்டார்.

பின்னர் பாரிசுக்கு வந்து, அரச திறைசேரியில் உயர் பதவி வகித்த ஃபியுபே என்னும் பிரபுவின் வீட்டில் வேலைக்காரனாகச் சேர்ந்தார். அங்கே கைக்கு எட்டியதையெல்லாம் தட்டி உடைக்கும் அவலட்சணமான வேலைக்காரன் என்றே அவர் பெயர் எடுத்தார். இதை அவரே ஒளிக்காமல் பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

1640ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் பாரிஸ் வோஜிரார் வீதியிலிருந்த கார்மேல் மடத்தின் கதவைத் தட்டினார். அதே சபையில் அவருடைய மாமன் ஒருவர் ஏற்கெனவே சகோதரராக இருந்தார். தமது தடுமாற்றத்துக்கும் குற்றங்களுக்கும் தக்க தண்டனை அங்கே கிடைக்கும், தோலை உரித்துவிடுவார்கள் என்று எண்ணியே நிக்கொலாஸ் உள்ளே போனார். ஆனால் அங்கே தாம் கண்டது நிறைவு ஒன்றே என்றும், ஆண்டவர் தம்மை ஏமாற்றிவிட்டார் என்றும் பின்னாளில் வேடிக்கையாகக் கூறுவார். இரண்டு ஆண்டு நவசந்நியாசத்தின் பின், 1642ஆம் ஆண்டு ஆவணி 14ஆம் திகதி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முதல் நாள், வார்த்தைப்பாடு கொடுத்தார். குருத்துவத்துக்குப் படிக்காத, கைவேலைக்குரிய சகோதரர்களில் ஒருவராக அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

பத்து ஆண்டு இருள்

மடத்தில் சேர்ந்ததும் எல்லாம் ஒளிமயமாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. முதற் பத்து ஆண்டுகள் அவருக்குப் பெருந் துன்பக் காலம். ஆண்டவருக்குத் தாம் விரும்பியபடி உரியவராகவில்லையே என்ற கவலை ஒரு பக்கம். பழைய பாவங்களின் நினைவு மறு பக்கம். தகுதியில்லாத தமக்கு ஆண்டவர் அளித்த வரங்கள் உண்மையானவையா என்ற ஐயம் இன்னொரு பக்கம். அந்த ஆண்டுகளில் நான்கு ஆண்டுகள், தாம் நரகத்துக்கே போகப் போகிறோம் என்று அவர் உறுதியாக நம்பினார். எவருடைய ஆறுதல் மொழியும் அந்த எண்ணத்தை அகற்றவில்லை.

அவர் என்ன செய்தார்? மடத்தை விட்டு ஓடவில்லை, வேலையை விடவில்லை, செபத்தையும் விடவில்லை. ஈற்றில் ஒரு முடிவுக்கு வந்தார். மோட்சமோ நரகமோ, தமக்கு என்ன நேரும் என்ற கணக்கை ஆண்டவரிடமே விட்டுவிடுவது. சாகும்வரை தாம் செய்வதையெல்லாம் அவர்மீது கொண்ட அன்புக்காக மட்டுமே செய்வது. துன்பம் இப்படியே இறுதிவரை நீடித்தாலும் சரி என்று அவர் மனமார ஏற்றுக்கொண்ட பிறகுதான் திடீரென அமைதி பிறந்தது. அந்த அமைதி அவரை விட்டு அகலவில்லை.

வனத்தில் கிடைக்காத இளைப்பாறல் அவருக்கு இவ்வாறு கிடைத்தது. வேலை குறைந்ததால் அது கிடைக்கவில்லை. தம்மைப் பற்றிய கவலையை இறக்கி வைத்ததால் கிடைத்தது.

அடுப்படியே பீடம்

கீழ்ப்படிதலின் பேரில் அவருக்குத் தரப்பட்ட வேலை குசினி வேலை. அது அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. பெரிய மடம், உண்பவர்கள் பலர், ஒரே நேரத்தில் பலர் பலவற்றைக் கேட்பார்கள். புகை, சூடு, சத்தம். கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள், சமையற் பணியிலும் ஆண்டவரைக் காணலாம் என்று தமது கன்னியர்களுக்குக் கற்பித்தவர். அந்தப் படிப்பினையை லோறன்ஸ் எழுத்துக்கு எழுத்து வாழ்ந்து காட்டினார்.

அவர் கைக்கொண்ட முறை மிக எளிது. வேலையைத் தொடங்குமுன், தம்மோடு கூட இருக்கும் ஆண்டவரிடம் உதவி கேட்பார். வேலை நடக்கும்போது இடையிடையே ஒரு சொல்லாலோ, சொல்லில்லாத ஒரு நினைவாலோ அவரிடம் உள்ளத்தைத் திருப்புவார். முடிந்ததும், நன்றாக அமைந்திருந்தால் நன்றி சொல்வார். பிழையாகப் போயிருந்தால் மன்னிப்புக் கேட்பார். பின் கலங்காமல் அடுத்த வேலைக்குப் போவார். சட்டியில் ஒரு முட்டைப் பொரியலைப் புரட்டுவதானாலும், நிலத்தில் கிடக்கும் ஒரு துரும்பைப் பொறுக்குவதானாலும், தேவ அன்புக்காகச் செய்தால் அது போதும் என்பது அவர் கொள்கை. ஆண்டவர் வேலையின் பெருமையைப் பார்ப்பதில்லை, அதனைச் செய்யும் அன்பையே பார்க்கிறார் என்று அவர் கற்பித்தார்.

இந்தப் பழக்கம் ஒரே நாளில் வரவில்லை. தொடக்கத்தில் அவருடைய மனமும் நம் மனத்தைப் போலவே அலைந்தது. அலையும்போது தம்மைத் தாமே திட்டிக்கொண்டு நேரத்தைப் போக்காமல், மெல்ல அதைத் திரும்பக் கொண்டுவந்தார். பராக்கினால் மனமுடைந்து போவது பராக்கைவிடத் தீங்கானது என்று அவர் கண்டிருந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல, அடுப்படியின் ஆரவாரத்துக்கு நடுவிலும், தேவநற்கருணையின் முன் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதி அவருக்கு வாய்த்தது.

இடையில் மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்கி வருமாறு ஒரு முறை ஓவேர்ன் பகுதிக்கும், மற்றொரு முறை பர்கண்டிப் பகுதிக்கும் அவரை அனுப்பினார்கள். வியாபாரம் அவருக்குத் தெரியாது. காலும் நடக்க உதவாது. படகிலே ஓரிடத்திலிருந்து மறு இடத்துக்குப் போக, பீப்பாக்களின் மேல் உருண்டே போக வேண்டியிருந்தது. இது உமது வேலை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் போனார். காரியம் நல்லபடியே முடிந்தது. கால் நோவு கூடியபோது, இருந்தபடியே செய்யக்கூடிய பாதரட்சை தைக்கும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. ஆயினும் கேட்டால் அதையும் விட்டுவிட அவர் ஆயத்தமாகவே இருந்தார்.

தேடி வந்தவர்கள்

ஊசியும் நூலும் கையில் இருக்க, தோல் துண்டுகளுக்கு நடுவே அமர்ந்திருந்த இந்த எளியவரைத் தேடிப் படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் வந்தார்கள். அவர்களுள் ஒருவர் யோசேப் டி போஃபோர் என்னும் குருவானவர். இவர் பிற்காலத்தில் நோவாய் ஆண்டகையின் குருமுதல்வராக விளங்கியவர். 1666ஆம் ஆண்டு ஆவணி 3ஆம் திகதி முதன்முறையாகச் சகோதரரைச் சந்தித்து, அவர் பேசியவற்றைக் குறித்து வைத்தார். அடுத்த ஆண்டின் முடிவுக்குள் இன்னும் மூன்று உரையாடல்களைக் குறித்துக்கொண்டார். பின்னர் பேராயரான ஃபெனெலோனும் லோறன்சை நேரில் கண்டு பேசியவர்.

லோறன்ஸ் தாமாக நூல் எதுவும் வெளியிடவில்லை. ஆலோசனை கேட்டவர்களுக்குக் கடிதம் எழுதினார். நோயாளிகளுக்கு எழுதும்போது, நோவு நீங்க வேண்டும் என்று மட்டும் செபியாமல், அதைத் தாங்கும் பலத்துக்காகவும் செபிக்கும்படி கூறினார். இது வெறும் வாய்ச்சொல் அல்ல. அவரே நீண்ட காலம் கால் நோவைத் தாங்கியவர்.

1691ஆம் ஆண்டு மாசி 12ஆம் திகதி, மடத்தில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த பின், அமைதியாக உயிர் நீத்தார். அவர் இறந்தபின், 1692இலும் 1694இலும் போஃபோர் குருவானவர் அவருடைய ஞானக் குறிப்புகளையும் கடிதங்களையும் உரையாடல்களையும் வாழ்க்கை வரலாற்றையும் அச்சிட்டார்.

அந்த நூல்களுக்கும் சோதனை வந்தது. முயற்சியே இல்லாமல் ஆன்மா சும்மா இருந்தால் போதும் என்ற தவறான போதனை பற்றிய பெரும் சர்ச்சை அந்நாளில் பிரான்சில் எழுந்தது. 1699ஆம் ஆண்டில் ஃபெனெலோனின் நூலொன்றிலிருந்த கருத்துக்களைப் பாப்பரசர் பன்னிரண்டாம் இன்னசென்ற் கண்டித்தார். அந்தச் சர்ச்சையின் நிழல் லோறன்சின் எழுத்துக்கள்மீதும் விழுந்தது. அவர் பெயர் சொந்த நாட்டிலேயே நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. பிரிந்த சகோதரர்களான புரட்டஸ்தாந்தரே அவருடைய சிறு நூலைப் பல மொழிகளில் பரப்பிப் போற்றினார்கள். பின்னரே கத்தோலிக்க உலகம் தன் பிள்ளையை மீண்டும் இனங்கண்டது. அவர் புனிதர் வரிசையில் சேர்க்கப்பட்டவர் அல்லர். ஆயினும் பலருக்குச் செபிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

நாம் கற்க வேண்டியது

லோறன்சின் வாழ்வைத் தவறாக விளங்கிக்கொள்ளவும் இடமுண்டு. வேலையே செபம் என்றால் கோவிலுக்கு ஏன் போக வேண்டும், வீட்டில் செபமாலை ஏன் சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். லோறன்ஸ் அப்படிக் கேட்கவில்லை. மடத்தின் ஒழுங்குப்படி செபவேளை வந்ததும் அவரும் போய்ச் செபித்தார். தியான ஒடுக்கத்தை அவர் நாடிக் கேட்டதில்லை. மேலதிகாரி சொன்னபோது மறுத்ததும் இல்லை. குறித்த வேளையில் ஆண்டவரோடு இருந்து பழகியவருக்கே குறியாத வேளையிலும் அவரோடு இருக்க முடிகிறது. ஞாயிறு திருப்பலியையும் அந்நாளின் ஓய்வையும் தள்ளிவிட்டு, வேலையிலே கடவுளைக் காண்கிறேன் என்பவர் விரைவில் வேலையை மட்டுமே காண்பார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் வேலையை அவசரமாகத் தள்ளிவிட்டுச் செபத்துக்கு ஓடவில்லை. செபத்தைச் சாட்டாக வைத்து வேலையில் குறை வைக்கவும் இல்லை. பசித்தவனுக்கு நேரத்துக்கு உணவு போயிற்று. ஆண்டவரை நினைப்பவன் கையால் ஆகும் சோறு கருகக் கூடாதல்லவா?

ஆகவே களைத்துப் போன பெற்றோர் இரவில் கண் சொருகுவதை எண்ணி மனம் உடைய வேண்டாம். காலையில் அடுப்பு மூட்டுமுன் ஒரு நினைவு. கிணற்றடியிலும் வயலிலும் கந்தோரிலும் ஒரு நினைவு. பிள்ளை அழுது பொறுமை குலையும் வேளையில் ஒரு நினைவு. படுக்கப் போகுமுன் நன்றியாக ஒரு நினைவு. மறந்து போனால் மறந்ததற்காக மன்னிப்புக் கேட்டு மீண்டும் தொடங்கலாம். லோறன்சும் அப்படித்தான் தொடங்கினார். பத்து ஆண்டுகள் இருளில் நடந்தும் அதை விடவில்லை.

சுமை சுமந்து சோர்ந்திருப்போரைத் தம்மிடம் வரும்படி அழைத்த ஆண்டவர், சுமையை இறக்கிவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லவில்லை. கையில் அகப்பையோடும் வரலாம், மண்வெட்டியோடும் வரலாம். அவர் அங்கேயே இருக்கிறார்.