லௌரி ரபாலா

லௌரி ரபாலா (நவம்பர் 28, 1905 – அக்டோபர் 20, 1974) பின்லாந்து நாட்டைச் சேர்ந்த மீனவர் ஆவார். தூண்டிலில் உயிருள்ள இரைக்கு மாற்றாகப் பயன்படும் போலி இரையைத் தம் கையாலேயே செதுக்கி உருவாக்கியவர். 1936 ஆம் ஆண்டில் தக்கைத் துண்டு ஒன்றிலிருந்து இவர் செய்த சிறுமீன் உருவம், பின்னாளில் உலகின் பெரிய தூண்டில் கருவி நிறுவனங்களுள் ஒன்றுக்கு அடித்தளமாக அமைந்தது. தொழிற்கல்வியோ முதலீடோ பட்டறையோ இல்லாத ஓர் ஏழை மீனவர், மீன்களின் நடத்தையைக் கூர்ந்து கவனித்து இதனைச் செய்தார் என்பது இவரது வாழ்க்கையின் சிறப்பாகும்.

பிறப்பும் பெயரும்

ரபாலா பின்லாந்தின் தென்பகுதியில் உள்ள சிஸ்மா என்னும் ஊரில் பிறந்தார். அப்போது பின்லாந்து உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1917 டிசம்பரில்தான் அது விடுதலை பெற்றது. தாயின் பெயர் மரி சாரினென். தாயும் மகனும் சிறிது காலத்திற்குப் பின் அருகிலுள்ள அசிக்கலா வட்டாரத்திற்குக் குடிபெயர்ந்தனர். அங்கே பதிவேட்டில் பெயரைச் சேர்த்த பாதிரியாருக்குத் தாயின் குடும்பப் பெயர் நினைவுக்கு வராததால், அவர்கள் முன்பு வாழ்ந்த சிற்றூரின் பெயரான ரபாலா என்பதையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார் என்று கூறப்படுகிறது. இவ்வாறு தற்செயலாக அமைந்த பெயரே பிற்காலத்தில் உலகறிந்த வணிகப் பெயராயிற்று.

இளமைக்காலம் வறுமையில் கழிந்தது. ரபாலா கோடையில் மீன் பிடித்தார். ஏரிகள் உறைந்துபோகும் பனிக்காலத்தில் மரம் வெட்டும் வேலைக்கும் பண்ணை வேலைக்கும் சென்றார். 1928 ஆம் ஆண்டில் எல்மா லெப்பானென் என்பவரை மணந்தார். பிள்ளைகள் பிறந்து குடும்பம் பெருகிய காலத்தில்தான் 1930களின் உலகப் பொருளாதார நெருக்கடி பின்லாந்தையும் தாக்கியது. அன்றன்று பிடிக்கும் மீனே குடும்பத்தின் உணவும் வருவாயும் ஆனது.

தூண்டில் தொழிலின் இடர்

ரபாலா மீன் பிடித்தது பின்லாந்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றான பாய்யான்னே ஏரியில் ஆகும். இவர் வலையுடன், ஒரே கயிற்றில் பல நூறு முட்கள் கட்டப்பட்ட நெடுந்தூண்டிலையும் பயன்படுத்தினார். இம்முறையில் ஒவ்வொரு முள்ளிலும் ஒரு சிறுமீனைக் குத்த வேண்டும். அச்சிறுமீன்களை முதலில் பிடித்தாக வேண்டும். முள்ளில் குத்திய இரை செத்தாலோ கழன்றாலோ மீண்டும் குத்த வேண்டும். இதனால் நாளின் பெரும்பகுதி, மீன் பிடிப்பதில் அல்லாமல் இரை தேடுவதிலேயே கழிந்தது. தீர்ந்துபோகாத ஓர் இரை கிடைத்தால் அந்த நேரம் முழுவதும் மீன்பிடிப்புக்குக் கிடைக்கும் என்பதை இவர் உணர்ந்தார்.

படகில் இருந்தபடி ஏரி மீன்களைக் கவனித்துவந்த ரபாலா ஒன்றைக் கண்டறிந்தார். சிறுமீன் கூட்டத்திற்குள் பாயும் பெரிய மீன், கையில் கிடைத்ததைப் பிடிப்பதுபோல் எதையாவது கவ்வுவதில்லை. கூட்டத்தில் சற்றே தள்ளாடி, ஒரு பக்கம் சாய்ந்து நீந்தும் மீனையே அது தேர்ந்தெடுக்கிறது. காயமுற்ற மீனை எளிதில் பிடித்துவிடலாம் என்பதே இதற்குக் காரணம். எனவே செய்ய வேண்டியது மீனைப் போன்ற தோற்றம் அன்று, காயமுற்ற மீனின் தள்ளாட்டமே என்ற முடிவுக்கு இவர் வந்தார்.

முதல் இரை

1936 ஆம் ஆண்டில் ரபாலா தக்கைத் துண்டு ஒன்றைக் கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஒடுங்கிய சிறுமீன் வடிவத்திற்குக் கொண்டுவந்தார். மினுமினுக்கும் செதில் போலத் தோன்றுவதற்கு, சாக்லேட் சுற்றப்பட்டிருந்த உலோகத் தாளை அதன்மேல் ஒட்டினார். மேற்பூச்சுக்கு மெருகெண்ணெய் கிடைக்காததால், பழைய ஒளிப்படச் சுருள்களை உருக்கி அதன்மேல் பூசினார். வீட்டில் எறியப்படும் பொருள்களே இவருக்கு மூலப்பொருள்களாயின.

இந்த இரையின் செயற்பாடு எளிமையானது. தக்கை நீரில் மிதக்கும். இரையின் முகப்பில் சாய்வாகப் பொருத்தப்பட்ட சிறு தகடு ஒன்று உண்டு. கயிற்றை இழுக்கும்போது நீர் அத்தகட்டின்மேல் மோதி, இரையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. தகட்டின் இரு ஓரங்களிலும் நீர் மாறிமாறிச் சுழித்து விலகுவதால் உடல் இடமும் வலமும் ஆடுகிறது. இழுப்பதை நிறுத்தினால் இரை மெல்ல மேலெழும். உடலின் இரு பக்கங்களும் சமனாக இல்லாவிட்டாலோ, முன்வளையம் மயிரிழை விலகியிருந்தாலோ, அது ஒரு பக்கமாக ஓடிவிடும். ஆகவே செதுக்கிய ஒவ்வோர் இரையையும் ரபாலா நீரில் இழுத்துப் பார்த்து, வளையத்தைச் சிறிது சிறிதாக வளைத்துச் சரிசெய்தார். சரியாக நீந்தாத இரை இவருக்கு இரையே அன்று.

போரும் குடும்பத் தொழிலும்

1939 முதல் 1940 வரை நடைபெற்ற பனிக்காலப் போரிலும், 1941 முதல் 1944 வரை நடைபெற்ற தொடர்ச்சிப் போரிலும் பின்லாந்து சோவியத் ஒன்றியத்துடன் போரிட்டது. ரபாலாவும் படையில் பணியாற்றினார். தக்கை அரிதாக இருந்த காலத்தில் பைன் மரப்பட்டையிலும் இவர் இரைகளைச் செதுக்கினார்.

போருக்குப் பின் இரைகளைச் செய்வது குடும்பத் தொழிலாயிற்று. மகன்கள் தந்தையிடம் செதுக்கக் கற்றனர். அக்கம்பக்கத்து மீனவர்களிடமும் பின்னர் கடைகளிலும் இரைகள் விற்பனையாயின. 1952 ஆம் ஆண்டு எல்சிங்கியில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றபோது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சிலர் இவற்றைத் தம் நாடுகளுக்கு எடுத்துச் சென்றனர்.

அமெரிக்காவில் அறிமுகம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பின்லாந்து வம்சாவளியினர் பலர் குடியேறியிருந்தனர். 1959 ஆம் ஆண்டில் அங்கு தூண்டில் கருவி விற்பனை முகவராக இருந்த ரான் வெபர் இந்த இரையைக் கண்டு, அதன் திறனால் கவரப்பட்டார். அவரும் மினியாப்பொலிஸ் நகரில் கடை நடத்திய ரே ஆஸ்ட்ரமும் இணைந்து அதனை இறக்குமதி செய்யத் தொடங்கினர். அவர்களது நிறுவனம் பின்னர் நார்மார்க் என்று பெயர் பெற்றது.

1962 ஆகஸ்டில் லைஃப் இதழ் ரபாலாவின் இரை குறித்த கட்டுரையை வெளியிட்டது. அம்மாதத் தொடக்கத்தில் மறைந்த நடிகை மர்லின் மன்றோவின் படம் அவ்விதழின் அட்டையில் இடம்பெற்றிருந்ததால், அது வழக்கத்தைவிட மிகுதியாக விற்பனையானது. கட்டுரையைக் கண்ட வாசகர்களிடமிருந்து வந்து குவிந்த வேண்டுகோள்களை, கையால் செதுக்கும் ஒரு குடும்பத்தால் நிறைவேற்ற இயலவில்லை. தொழிற்சாலை தேவைப்பட்டது. உடலைச் செய்ய எடை குறைந்த பால்சா மரம் பயன்பாட்டிற்கு வந்தது. எனினும் ஒவ்வோர் இரையையும் நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்த பின்னரே வெளியே அனுப்பும் வழக்கம் தொழிற்சாலையிலும் தொடர்ந்தது.

சமகாலத்து மென்நெகிழி இரை

வீட்டில் பிறந்த போலி இரைக்கு ரபாலா மட்டுமே எடுத்துக்காட்டு அல்லர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஏக்ரான் நகரைச் சேர்ந்த நிக் கிரீம் என்னும் இயந்திரத் தொழிலாளி, 1949 ஆம் ஆண்டளவில் தம் மனைவியுடன் சேர்ந்து வீட்டு அடுப்பிலேயே மென்மையான நெகிழிப் புழுவை உருவாக்கினார். பாலிவினைல் குளோரைடு தூளை, அதனை இளக வைக்கும் எண்ணெய் போன்ற நீர்மத்துடன் கலந்தால் பால்போன்ற கலவை கிடைக்கும். அதனைச் சூடாக்கும்போது முதலில் கெட்டியாகி, பின்னர் தெளிந்த குழம்பாகும். நிறமூட்டி, புழு வடிவ அச்சில் ஊற்றிக் குளிர்வித்தால் இரப்பர் போல வளையும் இரை கிடைக்கும். இக்கலவை அளவுக்கு மீறிச் சூடானால் நச்சுப் புகை எழும் என்பதால், இதனை வீட்டில் செய்வோர் காற்றோட்டமான இடத்திலேயே செய்ய வேண்டும்.

ரபாலாவின் இரை தகட்டின் உதவியால் ஆடுகிறது; மென்நெகிழிப் புழு தன் நெகிழ்வினாலேயே ஆடுகிறது. பொருளும் வடிவமும் வேறானாலும், மீனை ஈர்ப்பது அசைவே என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவானது.

தமிழ்நாட்டுச் சூழல்

காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் ஏரி போன்ற பாசன ஏரிகள் நிறைந்த தமிழ்நாட்டிற்கும் இக்கருத்து பொருந்தும். ஏரி, குளங்களில் தூண்டிலிடுவோர் மண்புழு, சிறுமீன், தவளை ஆகியவற்றை இரையாகப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். நீர்ச்செடிகளிடையே மறைந்திருந்து, அசையும் இரையின்மேல் பாயும் விரால் மீனுக்குச் சிறு தவளையை முள்ளில் குத்திவிடுவர். தங்கூசியில் கட்டப்படும் மென்நெகிழித் தவளைகள் இப்போது அவ்விடத்தைப் பிடித்து வருகின்றன. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த என்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர், இந்திய ஏரிகளில் தூண்டிலிடுவதைப் பற்றி 1887 ஆம் ஆண்டிலேயே தனி நூல் ஒன்றை வெளியிட்டுள்ளார்.

மறைவும் பின்னரும்

ரபாலா 1974 அக்டோபர் 20 அன்று தமது 68 ஆம் வயதில் காலமானார். நிறுவனத்தை அவருடைய பிள்ளைகள் தொடர்ந்து நடத்தினர். பின்னர் அது குடும்பத்தின் கையிலிருந்து மாறி, 1998 ஆம் ஆண்டில் எல்சிங்கி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் தூண்டில் முள் செய்யும் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றையும் அது வாங்கியது.

1936 ஆம் ஆண்டின் முதல் வடிவத்தைப் பின்பற்றிய மிதக்கும் இரை இன்றும் விற்பனையில் உள்ளது. இரை தேடுவதில் வீணாகும் நேரத்தை மிச்சப்படுத்த ஒரு மீனவர் தம் குடும்பத்திற்காகச் செய்த கருவி, இன்று உலகின் பல நாடுகளில் தூண்டிலிடுவோர் பெட்டியில் இடம்பெற்றுள்ளது.