டாக்டர் ஹோமி பாபா

சேர்வராயன் மலையில் நாகலூர்க் குடியானவன் இரவில் ஏற்றும் மின்சார விளக்குக்கும், கல்பாக்கத்துக் கடற்கரையில் வலை உலர்த்தும் மீனவனுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1983-ம் வருஷம் முதல் கல்பாக்கத்து அணு உலைகள் தந்த மின்சாரம் தென்னாட்டுப் பொதுக் கம்பிகளில் கலந்து ஊரூராய்ப் பரவிற்று. அதன் நன்மை எல்லோருக்கும் உரியது. அபாயம் நேருமாயின் முதலில் தாங்கவேண்டியவன் அம்மீனவனே. இவ்வேற்பாட்டுக்கு வித்திட்டவர் டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. அவருடைய சரித்திரத்தைப் புகழ்ந்து படித்துவிட்டு மூடிவைப்பது தேசாபிமானிகளுக்கு அழகன்று.

பாபா 1909-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி பம்பாயில் செல்வமிக்க பார்ஸி குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் வக்கீல், டாட்டா குடும்பத்துக்கு உறவினர். கேம்பிரிட்ஜில் என்ஜினீயரிங் கற்கச் சென்ற மைந்தர் பௌதிக சாஸ்திரத்தில் உள்ளம் பறிகொடுத்தார். அணுவின் நுண்துகள்கள் மோதிச் சிதறும் விதம் பற்றி அவர் கண்ட கணக்கு அவர் பெயராலேயே வழங்குகிறது. 1939-ல் விடுமுறைக்குத் தாய்நாடு வந்தவரை யுத்தம் இங்கேயே நிறுத்திற்று. பெங்களூரில் ஸர் சி. வி. ராமன் அவர்களின் ஆதரவில் காஸ்மிக் கிரணங்களை ஆராய்ந்தார். சீமையில் காத்திருந்த பெரும் பதவிகளைக் காட்டிலும் சொந்த நாட்டில் ஒரு கலாசாலையை எழுப்புவதே மேல் என்று துணிந்தார். 1945-ல் டாட்டா ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று.

1948-ல் அணுசக்திக் கமிஷன் அமைந்தபோது அவரே தலைவர். நம் வத்திராயிருப்பு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் அதில் ஓர் அங்கத்தினர். 1956 ஆகஸ்டு 4-ந் தேதி ட்ராம்பேயில் அப்ஸரா உலை இயங்கலாயிற்று. யுரேனியத்தை எரித்து, எரிந்த மிச்சத்திலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்து, அதன் துணையால் இறுதியில் தோரியத்தைப் பயன்படுத்துவதென மூன்று படிகளில் அவர் திட்டம் வகுத்தார். யுரேனியம் நம்மிடம் அற்பம். தோரியமோ மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கலந்து கிடக்கிறது. அந்நியரிடம் கையேந்தாத சக்தி வேண்டுமென்ற சுதந்தர புத்தியே அத்திட்டத்தின் உயிர்.

இத்தகையவர் அபாயத்தை அறியாதவரல்லர். ட்ராம்பேயில் ஊழியருக்கோ வெளியாருக்கோ தீங்கு நேராதபடியும், பிற ஸ்தாபனங்கள் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகவும் கதிர்வீச்சுப் பொருள்களைக் கையாளவேண்டுமென்று 1960-ல் கட்டளையிட்டார். 1962-ல் உலைகளின் பாதுகாப்பைப் பரிசீலிக்க ஒரு குழுவும் ஏற்பட்டது. ஆயினும் உலையைக் கட்டியவரும், அதற்குச் சான்றளித்தவரும், விவரங்களை மறைக்க அதிகாரம் பெற்றவரும் ஒரே இலாகாவினர். 1948-ல் அணுசக்திச் சட்டம் அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோதே, பிரிட்டிஷ் சட்டத்திலும் இல்லாத இவ்வளவு இரகசியம் எதற்கென்று எஸ். வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் கேட்டார். யுத்தத்துக்கான சக்தியையும் சமாதானத்துக்கான சக்தியையும் பிரித்துக் காண்பது கடினம் என்பதே பிரதம மந்திரி நேருவின் சமாதானம். 1962-ம் வருஷச் சட்டமும் திரையை அகற்றவில்லை.

1966 ஜனவரி 24-ந் தேதி வியன்னா செல்லும் வழியில், ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் சிகரத்தில் விமானம் மோதி பாபா மாண்டார். அப்போது அவருக்கு வயது 56. அவர் எழுப்பிய ஸ்தாபனங்கள் வளர்ந்தன. அவற்றை மேற்பார்க்கும் ஏற்பாடு அவ்வாறு வளரவில்லை. 1983-லேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. அதுவும் இலாகாவின் காரியதரிசியே தலைமை வகித்த கமிஷனுக்குப் பதில் சொல்லும் நிலையில் இருந்தது. 2000-ல் பாபா பெயர் தாங்கிய ஆராய்ச்சி நிலையத்தின் ஆலைகள் அவ்வாரியத்தின் பார்வையிலிருந்தே விலக்கப்பட்டன.

விளைவு என்ன? 2003 ஜனவரி 21-ந் தேதி, அந்நிலையத்தைச் சேர்ந்த கல்பாக்கத்து எரிபொருள் பிரிக்கும் ஆலையில், ஒரு வால்வு பழுதானதால் கடுங்கதிர்வீச்சுள்ள கழிவு வேறு தொட்டியில் புகுந்தது. எச்சரிக்கும் கருவி அங்கே இல்லை. ஆறு ஊழியர்கள் வரம்பு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். நாட்டுக்கு விவரம் தெரியப் பல மாதங்கள் சென்றன. 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வாரியத்துக்குச் சட்ட பலம் இல்லாததை எடுத்துக்காட்டினார். 2025-லேதான் பார்லிமெண்டு அதற்குச் சட்ட அந்தஸ்து அளித்தது.

சட்ட அந்தஸ்து தொடக்கமே. ஆலையின் வாயிலில் வாழும் மீனவன் தன் கடலின், தன் காற்றின் கணக்கைக் கேட்டால், அவனைத் தேசத்துரோகி என்று எண்ணாமல் பதில் சொல்வதே சுயராஜ்யம். மலைமேல் விளக்கேற்றுகிறவர்களும் அவனோடு சேர்ந்து கேட்கவேண்டும். அந்நியரை நம்பாதே என்று பாபா கற்பித்தார். நம்மவரையும் கணக்குக் கேளாமல் நம்பாதே என்று கற்பது நம் கடமை. அவர் ட்ராம்பேக்கு இட்ட கட்டளையைத் தேசமெங்கும் நிறைவேற்றுவதே அவருக்கு நாம் எழுப்பத்தக்க ஞாபகச் சின்னம்.