ராக்கெட் விட்டவர் ஐ.ஐ.எம் தொடங்கியது ஏன்? விக்ரம் சாராபாயின் இன்னொரு கதை

விக்ரம் சாராபாய்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது தும்பா, ராக்கெட், அப்புறம் அவரைத் தன் குருவாக மதித்த அப்துல் கலாம். ஆனால் ஐ.ஐ.எம் சீட்டுக்காக ராத்திரி முழுக்க கண்விழித்துப் படிக்கிறவர்களும் அவருக்குக் கடன்பட்டவர்கள்தான். எப்படி? பார்ப்போம்.

மில் முதலாளி வீட்டுப் பிள்ளை

1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தில் பிறந்தார். அப்பா அம்பாலால் சாராபாய், காலிகோ மில்லின் முதலாளி. மகனுக்கோ ஆர்வம் காஸ்மிக் கதிர்கள் மேல். அந்த ஆய்வுக்காக 1947-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அதே ஆண்டு, அகமதாபாத் மில் முதலாளிகள் சேர்ந்து தொடங்கிய 'அட்டிரா' என்ற ஜவுளி ஆராய்ச்சி மையத்தை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஜவுளித் தொழில்நுட்பம் அவர் படித்ததே இல்லை. வயது 28.

லேபில் ஒரு நல்ல முடிவு கிடைத்தால் மட்டும் போதுமா? மில்லில் முடிவெடுக்கிறவர் அதை ஏற்க வேண்டும், தறியில் நிற்கிறவர் அதன்படி வேலை செய்ய வேண்டும். அதனால் நூலையும் துணியையும் ஆராய்ந்த அட்டிராவில் உளவியல் பிரிவும் இருந்தது. அதை நடத்தியவர் கமலா சௌத்ரி.

ஃபார்முலா வந்தது, மேனேஜர்?

1950-களில் பரோடாவில் குடும்பத்தின் மருந்துத் தொழிலையும் சாராபாய் கவனித்தார். அமெரிக்காவின் ஸ்க்விப், சுவிட்சர்லாந்தின் கெய்கி, ஜெர்மனியின் மெர்க் என வெளிநாட்டு நிறுவனங்களோடு சாராபாய் குழுமம் கூட்டு வைத்தது. ஃபார்முலாவும் பிராண்டும் இப்படி வெளியிலிருந்து வரலாம். ஆனால் எவ்வளவு தயாரிப்பது, எவ்வளவு இருப்பு வைப்பது, எந்த ஊரில் விற்பது? இதையெல்லாம் இங்கே இருக்கிறவர்தான் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கைப் போடத்தான் 1960-ல் பரோடாவிலேயே 'ஆபரேஷன்ஸ் ரிசர்ச் குரூப்' தொடங்கினார்.

அகமதாபாத்துக்கு வந்த ஐ.ஐ.எம்

நாட்டுக்கு ஒரு மேலாண்மைக் கல்வி நிறுவனம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது முதலில் அடிபட்ட ஊர் பம்பாய்தான். அது கைகூடவில்லை. சாராபாயும் தொழிலதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் அகமதாபாத்துக்காக முயற்சி எடுத்தார்கள். மத்திய அரசு, குஜராத் அரசு, உள்ளூர் தொழில்துறை எல்லாம் கைகோத்தன. 1961 டிசம்பரில் ஐ.ஐ.எம் அகமதாபாத் பிறந்தது.

ஃபோர்டு அறக்கட்டளை பணம் தந்தது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பாடமுறையைத் தந்தது. இங்கிருந்து ஆசிரியர்கள் ஹார்வர்டு போய்ப் பயிற்சி எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். நிஜக் கம்பெனியின் பிரச்சினையை வகுப்பில் வைத்து விவாதிக்கும் 'கேஸ்' முறை அப்படி வந்ததுதான். ஆனால் அமெரிக்கக் கம்பெனிகளின் கதையோடு நிற்காமல், இந்தியத் தொழிற்சாலைகள் பற்றிய கேஸ்களையும் இங்குள்ள ஆசிரியர்களே எழுதினார்கள். வேளாண்மைக்கும் மேலாண்மை தேவை என்று தனியாக ஆய்வு நடந்தது.

ஆரம்பத்தில் சாராபாயே கௌரவ இயக்குநர். 1965-ல் 38 வயது ரவி மத்தாயை முழுநேர இயக்குநராக்கி, நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். 1971 டிசம்பர் 30-ல் கோவளத்தில் காலமானபோது அவருக்கு வயது 52 மட்டுமே.

இன்றைக்கும் ஏன் முக்கியம்?

மேலாண்மைப் பயிற்சியால் நிஜமாகவே லாபம் உண்டா? மும்பை அருகே உள்ள ஜவுளி ஆலைகளில் நிக்கோலஸ் புளூம் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இதைச் சோதித்தார்கள். சில ஆலைகளுக்கு இலவசமாக மேலாண்மை ஆலோசனை கொடுத்தார்கள். தரக் கட்டுப்பாடு, இருப்புக் கணக்கு, இயந்திரப் பராமரிப்பு என எல்லாம் அடிப்படை விஷயங்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17% கூடியது. 2013-ல் வெளியான ஆய்வு இது. அட்டிரா தொடங்கி 66 வருஷம் கழித்து, அதே ஜவுளித் துறையில்!

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இங்கே ஆலை திறக்குதுன்னு செய்தி வந்தா, எத்தனை கோடி, எத்தனை வேலைன்னுதான் கேட்கிறோம். அங்கே முடிவெடுக்கும் நாற்காலியில் யார் உட்காரப் போறாங்க, அவங்களை யார் தயார் பண்ணாங்க? சாராபாயின் கதையைப் படித்தால் இந்தக் கேள்வியும் சேர்ந்து வரும்.