பட்டம் பெறாத பேராசான்

நிலத்தடி நீர் எங்கே தேங்கும், எந்தச் சரிவு வழுக்கும் என்றெல்லாம் ஆராயும் சுற்றுச்சூழல் நிலவியல் இன்று பல்கலைக்கழகப் பாடம். இத்தகைய வினாக்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கூலிக்கு விடை தேடி அலைந்தவர் வில்லியம் ஸ்மித். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அல்லர்.

1769-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சர்ச்சில் என்னும் சிற்றூரில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்து, உழவரான உறவினரிடம் வளர்ந்தார். ஊர்ப்பள்ளியோடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் நில அளவையாளர் ஒருவருக்கு உதவியாளரானார்.

சோமர்செட் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கியபோதும், கால்வாய் வெட்டியபோதும் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. பாறை அடுக்குகள் எங்கும் ஒரே வரிசையில் அமைந்திருந்தன. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் அடுக்குகளையும் அவற்றிலுள்ள தொல்லுயிர்ப் படிவங்களைக் கொண்டு பிரித்தறியலாம். நம் பாடநூலில் ஒரு பத்தியில் அடங்கிவிடும் இவ்விதியை அவர் சேற்றில் நடந்து கண்டறிந்தார். 1799-இல் கால்வாய் வேலை பறிபோயிற்று. பிறகு சதுப்பு நிலங்களில் நீர் வடித்துக் கொடுத்து ஊர் ஊராகத் திரிந்தார்.

1810-இல் பாத் நகரத்து வெந்நீர் ஊற்று குன்றியது. தோண்டினால் உள்ளதும் போய்விடும் என்று ஊரார் அஞ்சினர். ஸ்மித் துணிந்து அடிவரை தோண்டினார். ஊற்று வற்றவில்லை, வேறு வழியில் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வழியை அடைத்து நீரை மீட்டார்.

1815-இல், எட்டடிக்கு மேல் உயரமுள்ள இங்கிலாந்து, வேல்சு நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். ஒரு நாட்டையே தனியொருவர் அளந்து வரைந்த அரும்பணி அது. ஆயினும் செல்வர்கள் நிறைந்த லண்டன் நிலவியல் சங்கம் அவரை உறுப்பினராக்கவில்லை. அதன் தலைவர் கிரீனோ 1820-இல் போட்டி வரைபடம் ஒன்றையும் வெளியிட்டார். கல் வெட்டும் தொழிலில் பணம் போட்டு இழந்தது ஸ்மித்தின் சொந்தப் பிழைதான். 1819-இல் கடனுக்காகச் சுமார் பத்து வாரம் சிறையிலிருந்தார். சேர்த்த படிவங்களையும் விற்க நேர்ந்தது.

வடக்கே சென்றவர் ஸ்கார்பரோ நகருக்கு ஒரு நல்ல வழி காட்டினார். மழைக்கால ஊற்றுநீரைப் பாறைக்குள்ளேயே தேக்கி, கோடையில் எடுப்பது. நிலத்தடியில் நீர் சேமிக்கும் இம்முறையை 1827-இல் கட்டுரையாகவும் எழுதினார்.

1831-இல் அதே நிலவியல் சங்கம் தன் முதல் வொல்லஸ்டன் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1835-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1839-இல் மறைந்தார். பெற்றோரை இழந்தபின் அவரிடம் வளர்ந்த உடன்பிறந்தாள் மகன் ஜான் பிலிப்ஸ், பின்னாளில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியரானார்.