ஊர் ஊராக ஓடிய பெரியாரின் வேன்

சென்னை வேப்பேரியில் பெரியார் திடல் என்றோர் இடம் இருக்கிறது. பெரியாரின் நினைவிடம், திராவிடர் கழகத்தின் தலைமையகம், நூலகம் எல்லாம் அங்கேதான். அந்தத் திடலில் ஒரு பழைய வேனையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பெரியார் தம் முதுமையில் ஊர் ஊராகச் சென்று கூட்டங்களில் பேசப் பயன்படுத்திய வண்டி அது.

நம் நாட்டு இளைஞர்களிடம் இப்போது ஒரு புதிய ஆசை பரவி வருகிறது. பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே கட்டில் போட்டு, சிறிய அடுப்பு வைத்து, மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றுவது. வாடகை இல்லை, அலுவலகம் இல்லை, இன்று கடற்கரை, நாளை மலை. காணொளிகளில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்பது வயதையும் தாண்டிய ஒரு தமிழர், இந்த ஆசையெல்லாம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, வேனில் படுத்து, வேனில் படித்து, வேனிலிருந்து இறங்கி மேடையேறி வாழ்ந்திருக்கிறார். அவருடைய கொள்கைகளைப் பள்ளிக் கட்டுரைகளில் நிறையவே எழுதியிருக்கிறோம். அவருடைய பயணத்தைப் பற்றி அதிகம் எழுதியதில்லை.

திராவிடர் கழகத்தினர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரியார் தம் வாழ்நாளில் 8,200 நாட்கள் சுற்றுப்பயணத்தில் இருந்தார். 8 லட்சத்து 20 ஆயிரம் மைல் பயணம் செய்தார். 10,700 நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார். 21,400 மணி நேரம் பேசினார். கணக்குப் பாடத்தில் ஆர்வமுள்ளவர்கள் உடனே ஒன்றைக் கவனிப்பார்கள். மைலை நாளால் வகுத்தால் சரியாக நூறு வருகிறது. மணியை நிகழ்ச்சியால் வகுத்தால் சரியாக இரண்டு வருகிறது. ஆக, இது நாளுக்கு நூறு மைல், கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு போட்ட மதிப்பீடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மதிப்பீடாகவே இருக்கட்டும். 8,200 நாட்கள் என்றால் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேல். நூறு மைல் என்பது கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ஏறக்குறைய இரண்டு முறை போய்வரும் தூரம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இறங்குவதற்குள்ளேயே எனக்கெல்லாம் அலுத்துப் போகிறது.

ஈ.வெ.ராமசாமி 1879 செப்டம்பர் 17ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தை வெங்கட்ட நாயக்கர் ஏழையாகத் தொடங்கி முன்னேறியவர். கூலி வேலை பார்த்தார், பிறகு மாட்டு வண்டி ஓட்டினார், பிறகு மளிகைக் கடை வைத்துப் பெரிய வணிகரானார் என்று பெரியாரின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். மகனுக்குப் பள்ளிப் படிப்பு ஏறவில்லை. பத்து வயதளவில் படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில் கடையில் உட்கார்ந்தார். வியாபாரத்தில் கெட்டிக்காரர்.

அவருடைய முதல் பெரும் பயணம் கோபத்தில் தொடங்கியது. 1904ஆம் ஆண்டு தந்தையோடு மனத்தாங்கல் ஏற்பட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். விஜயவாடா, ஐதராபாத், கல்கத்தா என்று சுற்றிக் காசி போய்ச் சேர்ந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை அங்கே பசியில் தவித்தார். சத்திரத்தில் பிராமணர்களுக்கு மட்டுமே சோறு. உள்ளே நுழைய முயன்றவரை வெளியே தள்ளினார்கள். பசி தாங்காமல் தெருவில் எறிந்த எச்சில் இலைகளில் மிச்சமிருந்ததை எடுத்துத் தின்றார். அந்தச் சத்திரத்தைக் கட்டியவர் பிராமணரல்லாத ஒரு வணிகர் என்பதை அவர் பிறகு வாழ்நாள் முழுவதும் மேடைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கையிலிருந்த மோதிரத்தை விற்று, ஆந்திரத்து ஏலூர் வரை வந்து ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். தந்தை தேடி வந்து அழைத்துப் போனார். பயணம் செய்தால் அறிவு வளரும் என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். இவருக்கு வளர்ந்தது சினம். அது எழுபது ஆண்டுகள் தணியவில்லை.

அரசியல் வரலாறு பாடநூல்களில் இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தார். 1919இல் காங்கிரசில் சேர்ந்து கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காகப் போராடி இரண்டு முறை சிறை சென்றார். ஒரு தெருவில் நடப்பதற்கே மனிதன் சிறை போக வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1925இல் காங்கிரசை விட்டு விலகினார். அதே ஆண்டு தொடங்கிய ‘குடி அரசு’ இதழோடு சுயமரியாதை இயக்கமும் வளர்ந்தது.

அதன்பின் பயணம் நிற்கவில்லை. 1929 டிசம்பரில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்தார். பினாங்கில் இறங்கி, ஈப்போவில் அகில மலாயாத் தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றினார். அவரை வர விடக்கூடாது என்று நம்மவர்களிலேயே ஒரு சாரார் எதிர்த்தார்கள்; இன்னொரு சாரார் திரண்டு வந்து வரவேற்றார்கள். அந்த வருகைக்குப் பின்தான் சிங்கப்பூரில் கோ.சாரங்கபாணி 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தையும் 1935இல் ‘தமிழ் முரசு’ இதழையும் தொடங்கினார். பெரியார் மீண்டும் 1954 இறுதியில் இங்கே வந்தார். ரங்கூனில் நடந்த பௌத்த மாநாட்டில் அம்பேத்கரைச் சந்தித்துவிட்டு, அங்கிருந்து மலாயா. அப்போது அவருக்கு வயது 75.

இடையில் 1931 டிசம்பரிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு எகிப்து, துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று ஐரோப்பா முழுவதும் சுற்றினார். அந்த ஓராண்டும் ‘குடி அரசு’ இதழைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவி நாகம்மையார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓயாமல் பயணம் போகிற ஒருவருக்காக வேறொருவர் எங்கோ வீட்டையும் வேலையையும் சுமந்துகொண்டிருப்பார். 1933 மே 11ஆம் நாள் நாகம்மையார் இறந்தார். மறுநாளே பெரியார் திருச்சிக்குப் புறப்பட்டுப் போய், தடை உத்தரவை மீறி ஒரு திருமணத்தை நடத்தி வைத்துக் கைதானார். இதைக் கடமை உணர்வு என்று பாராட்டுவார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகப் படவில்லை. துக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியாத மனிதர் என்றும் தோன்றுகிறது. எப்படியானாலும், சாலைதான் அவருக்குப் பழகிய இடமாகிவிட்டிருந்தது.

சாலை எப்போதும் அன்பாக வரவேற்கவும் இல்லை. 1944இல் கடலூரில் கூட்டம் முடிந்து கை ரிக்‌ஷாவில் போகும்போது யாரோ ஒரு செருப்பை வீசினார்கள். வண்டி கொஞ்ச தூரம் போனதும் திருப்பச் சொன்னார். ஒற்றைச் செருப்பு வீசியவனுக்கும் பயன்படாது, தமக்கும் பயன்படாது என்பது அவர் கணக்கு. எதிர்பார்த்தபடியே இன்னொரு செருப்பும் வந்து விழுந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். பின்னாளில் அதே ஊரில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இத்தனை பயணத்துக்கும் காசு எங்கிருந்து வந்தது? இன்று வேனில் வாழ்கிறவர்களுக்கும் இதுதான் முதல் கேள்வி. பெரியார் பரம்பரைச் செல்வந்தர், ஆனால் சொந்தச் செலவில் கஞ்சர் என்று பெயரெடுத்தவர். ரயிலில் மூன்றாம் வகுப்பில்தான் போவார். மாலை போடுவதற்குப் பதில் அந்தக் காசைக் கையில் கொடுங்கள் என்பார். கையெழுத்துக்குக் காசு, சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் காசு, குழந்தைக்குப் பெயர் வைக்கக் காசு. மலிவு விலைப் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கூட்டத்திலேயே விற்பார்கள். கேட்க வந்தவர்கள் கொடுத்த சில்லறையில்தான் அடுத்த ஊர்ப் பயணம் ஓடியது. மளிகைக் கடைப் பையன் கடைசி வரை கல்லாப் பெட்டியை மறக்கவில்லை என்று சிலர் கேலி செய்வதுண்டு. அப்படிச் சேர்த்த பணத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அது இயக்கத்தின் அறக்கட்டளைக்கும் திருச்சியில் 1965இல் தொடங்கிய அரசுக் கல்லூரிக்கும் போனது.

இனி வேனுக்கு வருகிறேன். ரயில் போகாத ஊர்களுக்கும் போக வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அவருடைய உடல் என்று நினைக்கிறேன். முதுமையில் அவருக்குச் சிறுநீர் இயல்பாகப் பிரியவில்லை. குழாய் பொருத்தி, சிறுநீரைச் சேர்க்கும் கலத்தை எந்நேரமும் கூடவே வைத்திருந்தார்கள். குடலிறக்க வலியும் இருந்தது. அந்த நிலையில் ஒருவர் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் நெரிபட முடியுமா? கால் நீட்டிப் படுக்கவும், வேண்டிய இடத்தில் நிறுத்தவும் சொந்த வண்டி தேவைப்பட்டது. காணொளியில் வரும் இளைஞர்கள் சுதந்திரத்துக்காக வேனில் ஏறுகிறார்கள். இவர் ஏறியது, உடல் ஒத்துழைக்காவிட்டாலும் வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காக. ஊர் வந்ததும் அவரைத் தூக்கிப்பிடித்து மேடையில் உட்கார வைப்பார்கள். நின்று பேச முடியாது, உட்கார்ந்தே மணிக்கணக்கில் பேசுவார். தாம் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம், சொந்த அறிவைக்கொண்டு யோசித்துப் பாருங்கள் என்று கூட்டத்தாரைக் கேட்டுக்கொள்வார். பிறகு மறுபடியும் வண்டி, மறுபடியும் அடுத்த ஊர்.

அந்த வண்டியில் அவரோடு இருந்தவர் மணியம்மையார். 1949இல் பெரியாருக்கு எழுபது வயது நெருங்கும்போது நடந்த திருமணம் அது. மணியம்மையாருக்கு வயது 29. அந்தத் திருமணத்தை ஏற்க முடியாமல் அண்ணாதுரையும் பலரும் பிரிந்துபோய்த் தி.மு.க.வைத் தொடங்கினார்கள். மேடையில் கைதட்டல் பெரியாருக்கு. வேளைக்கு உணவும் மருந்தும் கொடுப்பது, குழாயையும் கலத்தையும் சுத்தம் செய்வது, கூட்டத்தில் புத்தகம் விற்பது மணியம்மையாருக்கு. பெரியார் 94 வயது வரை பயணம் செய்ததில் பாதிப் பெருமை இவருக்குச் சேர வேண்டும் என்பேன். நம் பேச்சுப் போட்டிகளில் இவருடைய பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

1973 ஆகஸ்டில் தஞ்சாவூரில் கழகத்தினர் விழா எடுத்து அவருக்கு ஒரு புதிய வேனை வழங்கினார்கள். தொண்டர்கள் நன்கொடை திரட்டி வாங்கியது. 94 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும் ஒரு மனிதருக்கு, ஓய்வெடுக்கச் சாய்வு நாற்காலி கொடுக்காமல், இன்னும் ஊர் சுற்ற வண்டி கொடுத்திருக்கிறார்கள். அவரை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இப்படிச் செய்திருக்க முடியும்.

அதற்குப் பிறகு நான்கு மாதங்கள்தான். 1973 டிசம்பர் 19ஆம் நாள் சென்னை தியாகராய நகரில் பேசினார். அனைத்துச் சாதியினரும் கோயிலில் அர்ச்சகராக வேண்டும் என்பது அந்நாட்களில் அவர் விடாமல் வலியுறுத்திய கோரிக்கை. பேச்சின் நடுவே வலி வந்து துடித்தார். கூட்டம் பதறியது. சற்று நேரத்தில் வலி தணிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பேசி முடித்தார். மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து வேலூருக்குக் கொண்டு சென்றார்கள். டிசம்பர் 24 காலையில் உயிர் பிரிந்தது. ராஜாஜி மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தபின், அரசு மரியாதையுடன் பெரியார் திடலில் அடக்கம் செய்தார்கள்.

கழகத்தின் தலைமைப் பொறுப்பை மணியம்மையார் ஏற்றார். அவருக்கும் உடல்நலம் சரியில்லை. ஆனாலும் போராட்டங்களை நடத்தினார். 1978 மார்ச் 16ஆம் நாள் அவர் இறந்தபோது வயது 58.