கடனையும் எண்ணாக்கிய கணித மேதை

வடபுலத்தில் குடியேறி வாழும் நாம், இந்நிலம் ஈன்ற பெரியோரை அறிந்து போற்றுதல் முறையாகும். அவர்களுள் ஒருவராகிய கணிதப் பேரறிஞர் பிரம்மகுப்தரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

ஜிஷ்ணு என்பாரின் மைந்தராகக் கி.பி. 598-இல் தோன்றினார் அவர். இன்று இராஜஸ்தானத்து ஜாலோர் மாவட்டத்தில் பீன்மால் என வழங்கும் ஊர், அந்நாளில் பில்லமாலம் எனப்பட்டது. பில்லமாலத்து ஆசிரியர் என்றே பிற்காலத்தார் அவரைக் குறித்தனர். சாப குலத்து வியாக்கிரமுகன் ஆண்ட காலத்தில், 628-ஆம் ஆண்டில், தமது முப்பதாம் வயதில், பிரம்ம ஸ்புட சித்தாந்தம் என்னும் பெருநூலை வடமொழிச் செய்யுளில் இயற்றினார்.

வானியலே அந்நூலின் தலையாய பொருள். எனினும் அதன் பதினெட்டாம் அத்தியாயமே நமது வியப்பிற்கு உரியது. நேர் எண்ணைத் தனம் என்றும், குறை எண்ணை ருணம், அதாவது கடன் என்றும் அவர் பெயரிட்டார். கடனும் கடனும் கூடினால் கடன். செல்வமும் அதற்கு ஒத்த கடனும் கூடினால் சூன்யம். கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என விதிகளை வகுத்தார்.

கடனைப் பெருக்கினால் செல்வம் எங்ஙனம் வரும் என நம் இல்லத்துச் சிறுவர் வினவக்கூடும். ஒரு குடும்பத்திற்குத் தலா 5 ரூபாயாக மூன்று கடன்கள் உள்ளன. அம்மூன்றும் நீக்கப்பட்டன என்று கொள்வோம். குடும்பத்தின் நிலை 15 ரூபாய் உயர்ந்துவிட்டதன்றோ? கடனும் குறை, நீக்கலும் குறை, இரண்டும் சேர்ந்து விளைவது நிறையே. விளக்கம் நம்முடையது, விதி அவருடையது.

கடனின் வர்க்கமும் செல்வமே என்றார் அவர். எனவே (−3)² என்பது 9. ஆயின் இக்காலப் பள்ளிக் கணக்கில் அடைப்புக்குறியின்றி −3² என்று எழுதினால், முதலில் 3-ஐ வர்க்கமாக்கிப் பின்னரே குறையிடுதல் வேண்டும், விடை −9. அடைப்புக்குறி ஒன்றே செல்வத்தையும் கடனையும் பிரித்துவிடுகிறது!

ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை 92-ஆல் பெருக்கி 1 கூட்டினால் மற்றொரு முழு எண்ணின் வர்க்கம் வரவேண்டும் என்பது அவர் விடுத்த புதிர்களுள் ஒன்று. 120, 1151 என்னும் எண்கள் அதற்கு விடையாகும். ஓய்வு நேரத்தில் நேயர்கள் பெருக்கிப் பார்க்கலாம்.

பேரறிஞரும் வழுவுவர். சூன்யத்தைச் சூன்யத்தால் வகுத்தால் சூன்யமே என்று அவர் கூறியதை இன்றைய கணிதம் ஏற்பதில்லை. பூமி தன்னைத் தானே சுற்றுகிறது என்ற ஆரியபட்டரின் கொள்கையையும் கடிந்து மறுத்தார். ஆயினும் 665-இல், 67-ஆம் வயதில் இயற்றிய கண்டகாத்யகத்தில், தாம் முன்னர்க் கண்டித்த அவ்வாரியபட்டரின் கணக்கு முறை ஒன்றையே தழுவிக்கொண்டார். முதுமையில் வந்த இப்பெருந்தன்மை அவரது புலமைக்கு அணி செய்வதாகும்.

எட்டாம் நூற்றாண்டில் அவர் கணிதம் பாக்தாத் நகரை அடைந்து அரபு மொழியில் பரவிற்று. 1758-இல்கூடப் பிரான்சிஸ் மசெரெஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் குறை எண்களை ஏற்கத் தயங்கி நூல் எழுதினார். 1817-இல் கோல்புரூக் என்பார் பிரம்மகுப்தரின் கணிதப் பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

மாதக் கடைசியில் வரவையும் கடனையும் ஒரே ஏட்டில் எழுதிக் கூட்டும் நாம் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அப்பெரியாரின் மாணாக்கரே. நம் மக்கள் குறைக்குறியைக் கண்டு அஞ்சும்போது, அவர் வரலாற்றை அவர்களுக்கு எடுத்துரைப்போமாக!