ஏலத்தைப் பேச்சாக்கிய ஈலி கல்பர்ட்சன்

கல்லூரி உணவகங்களில் நம் இளையர் ஆடும் ஃபுளோட்டிங் பிரிட்ஜில், கூட்டாளி யார் என்பது ஆட்டம் பாதி நடந்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும். ஏலத்தில் வென்றவர் ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார். அதை வைத்திருப்பவர் ஒன்றும் அறியாதவர்போல் உட்கார்ந்திருப்பார். மன்றங்களில் ஆடப்படும் காண்ட்ராக்ட் பிரிட்ஜில் இந்த ஒளிவுமறைவு இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரே கூட்டாளி. ஆனால், அவர் கையில் உள்ள 13 சீட்டுகள் என்னென்ன என்பது தெரியாது. அதை அறிய ஏலம் ஒன்றுதான் வழி.

வாரந்தோறும் நான் ஆடும் மன்றத்தில், தோற்ற ஆட்டங்களைப் பிறகு பிரித்துப் பார்ப்போம். சீட்டு சரியில்லை என்று சொல்லும்படியான ஆட்டங்கள் சிலவே. கூட்டாளி ஏலத்தில் சொன்னதைக் காதில் வாங்காமல் போனதால் தோற்றவைதான் அதிகம். ஏலத்தைச் சரியாகக் கேட்டவர்கள்கூட, எதிரணி ஆடத் தொடங்கியதும் அதை மறந்துவிட்டுத் தடுப்பாட்டம் ஆடுகிறார்கள். இதைப் பற்றிப் புதியவர்களிடம் பேசும்போதெல்லாம் நான் ஈலி கல்பர்ட்சனின் கதையைச் சொல்வேன்.

1891ஆம் ஆண்டு ருமேனியாவில் பிறந்தவர் கல்பர்ட்சன். தந்தை அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர், தாயார் ரஷ்யர். குடும்பத்தின் செல்வம் 1917ஆம் ஆண்டு ரஷ்யப் புரட்சியில் போய்விட்டது. அதன்பின் ஐரோப்பிய நகரங்களில் சீட்டாடிப் பிழைத்தார். அந்தக் காலத்தைப் பற்றித் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருப்பவை திரைப்படக் கதைபோல் இருக்கும். எல்லாவற்றையும் அப்படியே நம்ப எனக்குத் தயக்கம்தான். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா திரும்பிய அவர், 1923ல் நியூயார்க்கில் பிரிட்ஜ் ஆசிரியராக இருந்த ஜோசஃபினை மணந்தார். வீட்டிலும் ஆட்ட மேசையிலும் இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள்.

அப்போது ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டு, உயர்ந்த சீட்டு வெல்வது ஒரு பிடி. பழைய ஆக்‌ஷன் பிரிட்ஜில், குறைவாக ஏலம் கேட்டு அதிகப் பிடிகள் எடுத்தாலும் அவை அனைத்தும் ஆட்டத்தை முடிக்கும் கணக்கில் சேர்ந்தன. 1925ல் ஹரோல்ட் வாண்டர்பில்ட் என்ற செல்வந்தர், ஒரு கப்பல் பயணத்தின்போது புதிய புள்ளி முறையை வகுத்தார். ஏலத்தில் கேட்ட பிடிகளுக்கு மட்டுமே அந்தக் கணக்கில் இடம். பத்துப் பிடி எடுக்கக்கூடிய சீட்டு இருந்தாலும், பத்து என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு, கூட்டாளியின் பலத்தை முன்பே அறிந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் கல்பர்ட்சன் நுழைந்தார். 1929ல் ‘தி பிரிட்ஜ் வேர்ல்ட்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு தம் முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். கையிலுள்ள பெரிய சீட்டுகளை அவர் ‘ஆனர் டிரிக்’ என்ற அளவில் எண்ணினார். ஒரே இனத்தின் ஏஸும் ராஜாவும் சேர்ந்தால் 2, ஏஸும் ராணியும் சேர்ந்தால் ஒன்றரை, தனி ஏஸ் 1, ராஜாவும் ராணியும் சேர்ந்தால் 1, சிறு சீட்டுடன் ராஜா இருந்தால் அரை. ஏலத்தைத் தொடங்க இரண்டரையாவது வேண்டும். அதோடு, சில ஏலங்களுக்குக் கூட்டாளி பதில் சொல்லாமல் ‘பாஸ்’ என்று விலகக் கூடாது என்ற விதியையும் பரப்பினார். அதுவரை ஏலம் பெரும்பாலும் விலை சொல்வதாகவே இருந்தது. இவர் முறையில் அது கேள்வியும் பதிலுமான பேச்சாயிற்று.

இந்தக் கணக்கைத் தடுப்பாட்டத்தில் பயன்படுத்துவதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 52 சீட்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ எட்டு ஆனர் டிரிக்குகள் இருக்கும். எதிரணியில் ஒருவர் ஏலத்தைத் தொடங்கினால் அவரிடம் இரண்டரை. அவர் கூட்டாளியின் பதில் ஒன்றரையைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக, நான்கு. உங்கள் கையில் மூன்றரை இருந்தால், உங்கள் கூட்டாளியிடம் மிஞ்சுவது ஏறத்தாழ அரைதான். அவரிடம் ஏஸ் இருக்கும் என்று நம்பிச் சீட்டு இறக்கினால் எதிரணிக்கு இலவசமாக ஒரு பிடி போகும். மாறாக, உங்களிடம் ஒன்றுதான் உள்ளது என்றால், அவர் கையில் மூன்று வரை இருக்கலாம். அப்போது அவருடைய பலத்தைத் தேடிப்போய் ஆட வேண்டும். தொடக்கப்பள்ளிக் கழித்தல் கணக்குதான் இது. முதல் சீட்டை இறக்கும் முன் அதைப் போட்டுப் பார்ப்பவர்கள் எங்கள் மன்றத்தில் மிகச் சிலரே.

அவர் அணியைச் சேர்ந்த தியோடர் லைட்னர் இன்னொரு வழி கண்டார். 12 அல்லது 13 பிடிகளுக்கு எதிரணி ஏலம் கேட்டால், முதல் சீட்டு இறக்காத தடுப்பாளர் ‘டபுள்’ சொல்லித் தம் கூட்டாளியிடம் வழக்கத்துக்கு மாறான ஒரு சீட்டை முதலில் இறக்கக் கேட்கலாம். ஏலத்தில் சொல்லும் ஒரே சொல் தடுப்பாட்டத்தைத் திருப்பிவிடும். இன்றும் இது லைட்னர் டபுள் என்றே அழைக்கப்படுகிறது.

கல்பர்ட்சன் நல்ல ஆட்டக்காரர் மட்டுமல்லர், விளம்பரம் தெரிந்தவரும்கூட. அவருடைய முறையை ஏற்காத மூத்த ஆட்டக்காரர் சிட்னி லென்ஸுடன் பந்தயம் கட்டினார். லென்ஸின் 1,000 டாலருக்கு எதிராக இவர் வைத்தது 5,000. 1931 டிசம்பர் 7ஆம் நாள் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் தொடங்கி, மறு ஆண்டு ஜனவரி 8 வரை 150 ரப்பர்கள் ஆடினர். மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்வது ஒரு ரப்பர். பாதிக்கும் மேலான ரப்பர்களில் ஜோசஃபின் தம் கணவருடன் ஆடினார். நாளேடுகள் அன்றாடம் செய்தி வெளியிட்டன. 103 ரப்பர்களுக்குப் பிறகு லென்ஸுக்கும் அவருடைய இளம் கூட்டாளி ஆஸ்வால்ட் ஜேக்கபிக்கும் பிணக்கு முற்றி, ஜேக்கபி விலகினார். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி வின்ஃபீல்ட் லிக்கெட் அவர் இடத்தில் அமர்ந்தார். முடிவில் கல்பர்ட்சன் 8,980 புள்ளிகளில் வென்றார்.

எண் பெரிதாகத் தெரிகிறது. 150ஆல் வகுத்தால் ரப்பருக்கு 60 புள்ளிகூட வராது. ஸ்பேட் துருப்பில் இரண்டு பிடிகளின் மதிப்பு அவ்வளவுதான். ஒரு முறை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று நிறுவ இது போதாது. எனக்கு அதில் தெரிவது வேறு: ஓரணியில் கணவன் மனைவி கடைசி வரை ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு ஆடினார்கள், மற்ற அணி நடுவிலேயே உடைந்தது. ஆனால், விற்பனையில் வென்றது கல்பர்ட்சனின் முறைதான். அவர் நூல்கள் ஏராளமாக விற்றன.

1937ல் புடாபெஸ்ட் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரிய அணி அவரைத் தோற்கடித்தது. அந்த அணியின் தலைவர் பால் ஸ்டெர்ன் உருவாக்கிய வியன்னா முறை, கல்பர்ட்சனின் முறையைவிடச் செயற்கையான ஏலங்கள் நிறைந்தது. அடுத்த ஆண்டே அவருக்கும் ஜோசஃபினுக்கும் மணமுறிவு ஏற்பட்டது. அதன்பின் அவர் கவனம் உலக அமைதிக்கான திட்டங்களுக்குத் திரும்பியது. பன்னாட்டுப் படை ஒன்று வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். அதற்குள் சார்ல்ஸ் கோரன் பரப்பிய புள்ளிக் கணக்கு அவருடைய ஆனர் டிரிக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என மொத்தம் 40. அரைக் கணக்கு இல்லாததால் இது எளிது. இன்று புதியவர்கள் கற்பது இதைத்தான். எதிரணி ஏலத்தில் காட்டியதையும் தம் கையில் உள்ளதையும் கழித்துப் பார்க்க இந்த 40ஐயே வைத்துக்கொள்ளலாம்.

கல்பர்ட்சன் 1955 டிசம்பர் 27ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் காலமானார். சில மாதங்களில் ஜோசஃபினும் மறைந்தார். அவர் தொடங்கிய ‘தி பிரிட்ஜ் வேர்ல்ட்’ இவர்கள் இருவருக்குப் பிறகும் தொடர்ந்து வெளிவந்தது.